நீடாமங்கலத்து இறால்

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம். தொழிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். காபியைக் குடித்துக்கொண்டே எனக்கு ஒரு தொழில் ரகசியம் சொன்னார்.

"சார், செடித் தொட்டிக்கு எறாலு எங்க வேணா வாங்குங்க. நீடாமங்கலத்துப் பக்கம் மட்டும் வாங்கிடாதீங்க. அந்த எறாலு நம்ம தொட்டில நிக்காது, செத்துடும்."

யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருமே சொல்றாங்க சார்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தஞ்சாவூரில் பதினெட்டு வருஷம் கண்ணாடி மீன் தொட்டிக்குள் செடி நட்டுப் பிழைத்தவன் நான். தோள்பட்டை ஒத்துழைக்காததால் கடையை விட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது ஃபில்டர், விளக்கு, செடிக்கு விடுகிற கேஸ் சிலிண்டர் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதனால் போனில் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன். என் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன்.

நான் கடை போட்ட சமயம் வீட்டுக்கு வீடு அரசாங்க டிவி வந்துகொண்டிருந்தது. அதோடு ஹாலில் ஒரு மீன் தொட்டியும் வேண்டும் என்ற ஆசையும் ஜனங்களுக்கு வந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் செடியும் நீலக் கல்லும் போட்டு விற்றார்கள். நான்தான் உயிருள்ள செடி வைத்தேன். மண் பாக்கெட்டில் சென்னையிலிருந்து வரும். செடி கல்கத்தாவிலிருந்து ரயிலில் வரும். பாதி வாடித்தான் வரும், இருந்தாலும் வரும். இந்த ஜில்லாவிலேயே முதல் ஆள் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "நீடாமங்கலம் கேட்டுக்கிட்ட ஒரு தொட்டி இருக்கே, பாத்தீங்களா?"

நீடாமங்கலம் ரயில்வே கேட் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் மூடியதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்து, வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று, ஊர்க்கதை பேசி முடித்தாலும் கேட் திறக்காது. அந்த இடத்தில் ஒரு பெண் சின்னதாகக் கடை வைத்து, ரோட்டைப் பார்த்து ஒரு மூன்றடித் தொட்டியை வைத்திருந்தார். கேட்டில் மாட்டிய கூட்டம் மொத்தமும் அதன் முன்னால்தான் நின்றது. மெயின் ரோட்டில் போர்டு மாட்டிய எனக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம்.

தொட்டியைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஆரைக்கீரை பாய் விரித்திருந்தது. நடுவில் கொட்டிக்கிழங்கு இலை. பின்னால் வயலில் களையாக முளைக்குமே, சிவந்த தண்டுச் செடி, அது கொத்துக் கொத்தாக மேலே போயிருந்தது. நான் கல்கத்தாவிலிருந்து வரவழைப்பதும் அதே ஜாதிதான். சிலிண்டர் இல்லை, ஒன்றும் இல்லை. இலைக்கு இலை, அழகுக்கு வளர்க்கும் நகத்தளவுச் சிவப்பு இறால் உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தொட்டி நாறிப்போகக் கூடாதா என்று அங்கே நின்றே நினைத்தேன்.

அந்தப் பெண்ணை அடையாளம் தெரிந்ததும் எரிச்சல் இரண்டு மடங்கானது. அவருடைய அம்மா எங்கள் வயலில் நடவும் களையெடுப்பும் செய்தவர். அப்பா எங்களிடம் குத்தகைக்கு உழுதவர். குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் குடும்பத்தின் பேரை எடுக்கக் கூடாது. கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. என் அப்பாவின் பீரோவில் இரண்டு கட்சிக் கரை வேட்டியும் மடித்து இருக்கும். எந்த ஆட்சி வருகிறதோ அந்தக் கரையைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்களைப் பார்க்கப் போவார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசி, அஞ்சு மா நிலம் அவர்கள் பேருக்குப் பட்டாவானது. மடைக்குப் பக்கத்து அஞ்சு மா. நல்ல மண்.

அவருடைய அம்மா என் அப்பாவை 'ஐயா' என்பார். மகள் என்னை "வாங்க சார்" என்றார். அதுவே எனக்குக் குத்தியது என்றால் என் லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன மண்ணு போட்டிருக்கீங்க?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"வயல் மண்ணுதான் சார். எங்க மடைவாய் வண்டலு."

"வேற ஒண்ணும் சேக்கலையா?"

"இல்லீங்க சார். ஆனா ஒண்ணு சார், மண்ண எடுத்தாந்து…"

அந்த நேரம் பார்த்துக் கேட் தூக்கினார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். நான் ஓடிப்போய்க் காரில் ஏறிவிட்டேன். ஓரமாக விட்டுவிட்டு மீதியைக் கேட்டிருக்கலாம். இறங்கிப்போய் அவரிடம் பாடம் கேட்பதா என்ற எண்ணம்தான் என்னை ஓட வைத்தது. லாரிக்காரன் பாவம், அவன்மேல் தப்பில்லை.

அடுத்த மாதம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் கூப்பிட்டார். நெடுங்காலம் பிழைப்புக்காகச் சபர் போய் மலேசியாவில் இருந்து திரும்பிப் பெரிய வீடு கட்டியவர். மகளுக்கு நிக்காஹ். அஞ்சடித் தொட்டி, செடியும் சிவப்பு இறாலுமாக, ஹாலில் வேண்டும்.

"மாப்ள வீட்டுக்காரங்க உக்கார்ற எடம் அது. நேரா தொட்டி தெரியணும் தம்பி. நீடாமங்கலம் கேட்டுல ஒண்ணு பாத்தேன். அது மாதிரி செஞ்சு குடுங்க."

"அவங்ககிட்டயே கேக்கலாமே பாய்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"சின்ன கடையா இருக்கு. இவ்ளோ பெருசு செய்வாங்களோ என்னமோ. நீங்கதான் பேர் எடுத்த ஆளுன்னாங்க."

பெயர் எனக்கு, மாதிரி அந்தப் பெண்ணுடையது. காரில் திரும்பும்போது முடிவு செய்தேன். அவருடைய அஞ்சு மாவுக்கு அடுத்து, வரப்புக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு இன்னும் வயல் இருக்கிறது. ஒரே மடை, ஒரே தண்ணீர். கேஸுக்கு முன்னால் இரண்டும் ஒரே வயல்தான். அவருக்கு வருகிற செடி எனக்கு வராமல் போய்விடுமா? எங்கள் மண்ணை வைத்துத்தானே இந்தப் பேர் எடுத்தார் என்றுகூட நினைத்தேன். வயலைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்து மடைவாய் மண் நாலு மூட்டை அனுப்பச் சொன்னேன். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த சமயம். மண் வந்தது. சலித்தேன், தொட்டியில் போட்டேன், செடி நட்டேன். வரப்பில் காலை வைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் சிவப்பு இறால் பெருக்கியது அவர் ஒருவர்தான். நேரில் கேட்க மனம் வராமல் மச்சினனை அனுப்பி வாங்கினேன். புதன்கிழமை விட்டேன். நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை காலையில் பாய் போன் செய்தார். "தம்பி, எறாலு கிறுக்கு புடிச்ச மாதிரி சுத்துது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் மோதி மோதி ஓடுகிறது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து காலை உதறுகிறது. தரையில் ஏற்கெனவே பாதி விழுந்து கிடந்தது. மீன்கள் மட்டும் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன. பாயும் அவர் மனைவியும் கல்யாணப் பெண்ணும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.  காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எறாலு நீடாமங்கலத்துது பாய். நோய் எறாலு. அதான் நிக்கல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் மாதக்கணக்காக உள்ளே தயாராக இருந்தது. அதனால்தான் அவ்வளவு சரளமாக வந்தது.

பாய் நல்ல மனிதர். யாரையும் முதுகுக்குப் பின்னால் குறை சொல்லத் தெரியாது. கேட்டில் காத்திருந்தபோது அந்தக் கடைப் போர்டிலிருந்து குறித்த நம்பர் அவரிடம் இருந்தது. என் முன்னாலேயே கூப்பிட்டு, "உங்க எறாலு சாவுதும்மா, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் பஸ் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டார், கையில் மூடி போட்ட வாளியோடு. என்னைப் பார்த்ததும், மச்சினன் யாருக்காக வாங்கினான் என்பது புரிந்திருக்க வேண்டும்.  தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து மீனைப் பார்த்தார், செத்த இறாலைப் பார்த்தார். கையை விட்டு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். திரும்பாமலே கேட்டார்.

"மண்ணு எங்க எடுத்தீங்க சார்?"

பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்கெட் மண்ணு" என்றேன்.

அவர் விரலில் ஒட்டியிருந்தது அவர் பிறந்ததிலிருந்து மிதித்த மண். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "சரி சார். பாக்கெட் மண்ணாவே இருக்கட்டும். எடுத்துருவோம்."

பாதித் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கினால் போதும் என்பதுதான் என் கணக்கு. "மீனு நல்லா இருக்கு, எறாலு மட்டும் விழுதுன்னா அது பூச்சி மருந்து சார். தண்ணிய மாத்துனா போவாது. மண்ணுல இருந்து கசிஞ்சுகிட்டே இருக்கும்" என்றார். நாம் செய்யத் தயங்குகிற காரியம் இது. நெருக்கடியில் கட்டியதைக் காப்பாற்றத்தான் கை போகும். இடித்துவிட்டு மறுபடி தொடங்க மனசு வராது. அவருக்கு வந்தது.

சாயங்காலம் அவருடைய மண் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. தொட்டியைக் காலி செய்து, அலசி, வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நட்டோம். புதுத் தண்ணீர் உடனே பக்குவமாகட்டும் என்று கேட் கடைத் தொட்டியின் பழகிய ஃபில்டர் பஞ்சையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் கை ஒரு செடி நடுவதற்குள் அவர் கை மூன்று நட்டுவிடும். நாற்று நட்ட வீட்டுக் கை. அதைப் பார்த்தும் எரிந்தது எனக்கு. என்னைக் காப்பாற்ற வந்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் நான், இதையும் எழுதி வையுங்கள்.

சனிக்கிழமை மாலை புது இறாலை விட்டு, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சாயவில்லை. கிளம்பும்போது பாய் கேட்டார்.

"ஏம்மா, மொதல்ல குடுத்த எறாலுக்கு நோயாமே? தம்பி சொன்னாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

"இப்ப விட்டது நல்ல எறாலு பாய். பயப்படாதீங்க" என்றார். பாய் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

"எந்த வயலு சார்?"

"உங்க வரப்புக்கு அடுத்தது."

"அதுல நடவு முடிஞ்ச கையோட குருணை மருந்து தூவுனாங்களே சார். எங்க அம்மா வரப்புல நின்னு பாத்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"உங்க வயலு சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

பஸ் வருவது தெரிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டார். "பாய்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா நெலத்து கேஸ மனசுல வச்சுக்கிட்டு சொல்றேன்னு ஆயிரும். இந்த எறாலுதான் எனக்குப் பொழப்பு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். யார் செய்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். பாய் என் தோளில் கை போட்டு, இவர்தான் என்றார். மண் அந்தப் பெண்ணுடையது, இறால் அவருடையது, பஞ்சு முதற்கொண்டு அவருடையது. எனக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. பந்தியில் பாய் தானே வந்து என் தட்டில் பிரியாணி வைத்தார். "அன்னைக்கு நீங்க சட்டுன்னு கண்டுபுடிச்சிட்டீங்க தம்பி, எறாலுதான்னு" என்றார். அதுதான் சொல்ல வேண்டிய நேரம். என் வாயில் சோறு இருந்தது. அதை முழுங்குவதற்குள் அவர் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். எழுந்து பின்னால் போயிருக்கலாம். போகவில்லை.

அந்த ஊரில் அடுத்தடுத்து மூன்று வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று வீட்டிலும், "நீடாமங்கலத்து எறாலு மட்டும் வேணாம், நிக்காதாம்" என்றார்கள். நான் சரி என்றேன். பிறகு மன்னார்குடியில் சொன்னார்கள், திருவாரூரில் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்குள் அவர் இறால் விற்பதை நிறுத்திவிட்டு வெறும் செடி விற்றார். அதற்குப் பிறகும் கேட் மூடும்போதெல்லாம் நான் அந்தத் தொட்டியை ஓரக்கண்ணால் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்தேன். அவர் பிழைப்பு போனதும் போதவில்லை எனக்கு.

பாயிடம் சொல்லலாம் என்று பல தடவை நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது உங்களில் ஒருவர் வந்து, என் பொய்யை எனக்கே தொழில் ரகசியமாகச் சொன்னதும் மறுநாளே பஸ் ஏறினேன். கேட் மூடியிருந்தது. கடை முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவருக்கும் முன்தலை நரைத்துவிட்டது. "வாங்க சார்" என்றார், அதே மாதிரி. பின்னால் ஒரு தொட்டியில் சிவப்பு இறால், எண்ண முடியாத அளவுக்கு.

"எறாலு விக்கிறதில்லன்னு கேள்விப்பட்டேன்."

"விக்கிறதுக்கு இல்ல சார். எனக்குப் பாக்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பாயிடம் என்ன சொன்னேன், பந்தியில் என்ன சொல்லவில்லை, எந்த எந்த ஊரில் தலையை ஆட்டினேன் என்று ஒன்று விடாமல். 

"என்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க."

கேட் தூக்கினார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நான் ஏற வேண்டிய பஸ்ஸும் கிளம்பியது. இந்தத் தடவை நான் நகரவில்லை.

"அன்னைக்கு 'ஆனா ஒண்ணு சார்'னு ஆரம்பிச்சீங்களே. என்ன சொல்ல வந்தீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னார். மடைவாயில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே மருந்தே போடாமல் இரண்டு போகம் விட வேண்டும். மண்ணை எடுத்து வந்து தொட்டியில் ஊறப்போட்டு, காயப்போட்டு, மறுபடி ஊறப்போட வேண்டும். பிறகு வாய்க்காலில் நாலு கூனி பிடித்து, அதுதான் கருவாட்டுக் கடையில் கிடைக்குமே அந்தப் பொடி இறால், உயிரோடு அந்த மண் தண்ணீரில் விட வேண்டும். மூன்று நாள் கூனி தெளிவாக மேய்ந்தால்தான் அந்த மண் தொட்டிக்கு ஆகும். ஒன்று சாய்ந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான் நிற்கவில்லை. அதற்கு இத்தனை வருஷம் அவர் விலை கொடுத்தார்.

வயல் மண் போடுகிறவர்கள் எல்லோரும் கூனி விட்டுப் பாருங்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் நீடாமங்கலம் கேட் கடை அம்மா என்று சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லாதீர்கள். அவருடைய இறாலுக்கு எந்த நோயும் இருந்ததில்லை. நிற்காது என்ற பேச்சைக் கிளப்பியவன் நான். பாயிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "அந்தம்மாவ என் வீட்டுல வச்சே கேட்டுட்டனே தம்பி" என்று மட்டும் சொன்னார். எனக்குக் காபி வந்தது, அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை கேட் மூடும்போது வண்டியை விட்டு இறங்குங்கள். அந்தப் பின்தொட்டி இறாலை விலைக்குக் கேளுங்கள். முதலில் தரமாட்டார். நாலைந்து பேர் போய்க் கேட்டால் தருவார் என்றுதான் நினைக்கிறேன். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்று கிளம்பும்போது நானும் என் வீட்டுத் தொட்டிக்கு இருபது இறால் கேட்டேன். அவர் வலையைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், பிறகு வலையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"மண்ணு எங்க எடுத்தீங்க சார்?"

"எங்க வயல்ல" என்றேன்.

"கூனி விட்டுப் பாத்துட்டு வாங்க" என்றார்.